வலது பக்க லைட்

அன்புள்ள கண்ணு,

ஓரமாக நின்ற மாட்டு வண்டி பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது என்று நேற்று ராத்திரி போனில் சொன்னாயே, அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

புது பல்ப் போட்டும் நம் காரின் வலது பக்க ஹெட்லைட் மஞ்சளாகத்தான் எரிகிறது என்றாய். அப்படியானால் பல்ப் மேல் குற்றமில்லை. இடது பக்கம் பளிச்சென்று எரிவதால் பேட்டரியும் சரி, சார்ஜும் சரி. எனக்குச் சந்தேகமெல்லாம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு. வலது லைட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வயர் பாடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். முப்பது வருஷத்து மழையில் அந்த வளையத்தைச் சுற்றித் துரு ஏறி, பச்சை பூத்துக் கிடக்கும். கழற்றி, வளையத்தையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தகரம் மின்னுகிற வரை தேய்க்கச் சொல். பேட்டரி வோல்டேஜில் பத்தில் ஒரு பங்கு வழியில் போனாலே வெளிச்சத்தில் சுமார் முப்பது சதவீதம் போய்விடும். ஒரு போல்ட்தானே என்று விட்டுவிடாதே.

பல்ப் மாட்டுகிற கப்ளரையும் பிடுங்கிப் பார். உள்ளே தகடு கருகியோ பிளாஸ்டிக் பழுப்பேறியோ இருந்தால் அதையும் மாற்றிவிடு. புது பல்பின் கண்ணாடியில் மட்டும் விரல் படக்கூடாது. கை எண்ணெய் ஒட்டிய இடம் சூடேறி, சீக்கிரமே போய்விடும்.

யாராவது 100 வாட் பல்ப் போடலாம் என்றால் வேண்டவே வேண்டாம். நம் வண்டிக்கு 60/55 வாட்தான், தூர வெளிச்சத்துக்கு 60, கிட்ட வெளிச்சத்துக்கு 55. நீ மூன்றாவது படிக்கும்போது அந்த ஆசையில் நானும் போட்டேன். தாராபுரம் ரோட்டில் கப்ளர் உருகி, இரண்டு லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்தது. பின் சீட்டில் நீ அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். பார்க்கிங் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பஸ்ஸின் பின்னாலேயே ஊர் வந்து சேர்ந்தோம். அன்றைக்கு ஸ்டியரிங்கில் என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பழைய வயரிங்கில் இரண்டு பல்புக்கும் போகிற கரண்ட் முழுக்க ஸ்விட்ச் வழியாகத்தான் போகும். அதனால் பேட்டரி பக்கத்தில் ஒரு ரிலே வைக்கச் சொல், ஃபியூஸோடு. ஸ்விட்ச் அதைத் தட்டிவிட்டால் போதும், பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து அது வழியாக நேராகப் போகும். பெரிய செலவு ஆகாது, பணம் நான் அனுப்புகிறேன்.

வேலை முடிந்ததும் வண்டியை வீட்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி, லைட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே வெள்ளையாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. அதுவரை பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடு கண்ணு. லேட்டானால் வண்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வா.

அன்புடன்,
அப்பா