தீர்ப்புச் சொல்லும் முன் நீதிபதிக்கான வசனங்களையும் வாசியுங்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர்மாருக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஒரு விசுவாசியைத் திருவிருந்திலிருந்து தள்ளி வைக்கவும், ஊழியத்திலிருந்து நிறுத்தவும் அதிகாரம் உள்ள உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். அப்படி முடிவெடுத்த ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ பேச்சு, முதலில் சொன்னது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் லேவியராகமத்தை எடுத்து ஒரு வசனம் வாசித்து, ஜெபம் பண்ணி, அரைமணி நேரத்தில் தீர்மானம் எழுதிவிட்டார்கள். அவளைக் கூப்பிடவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அந்த உறுத்தலில்தான் வீட்டுக்கு வந்து அதே நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, ஒரு வசனமாக இல்லாமல், யாத்திராகமத்திலிருந்து உபாகமம் வரை உட்கார்ந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. குற்றம் சாட்டப்பட்டவனைக் கட்டுப்படுத்துவது போலவே, தீர்ப்புச் சொல்லுகிறவனையும் அந்தச் சட்டம் இறுக்கிப் பிடிக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் மற்றவர்கள்மேல் எடுத்து வீசுகிறோம், நமக்கு எழுதின பாதியைத் திறப்பதே இல்லை.

உபாகமம் 17-ஐப் பாருங்கள். மரண தண்டனைக்கு ஒரே சாட்சி போதாது, இரண்டு மூன்று பேர் வேண்டும், அதோடு தண்டனையில் முதலில் கை வைக்க வேண்டியதும் அந்தச் சாட்சிகள்தான். நான் பார்த்தேன் என்று சொன்னவன் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. 19-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது, பொய்ச்சாட்சி சொன்னவன் அடுத்தவனுக்கு என்ன வரவேண்டும் என்று நினைத்தானோ அது அவனுக்கே வரும். யோவான் 8-ல், விபசாரத்தில் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணைக் கல்லெறிய இழுத்து வந்தவர்களிடம், உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொன்னதை நியாயப்பிரமாணத்தைத் தள்ளிவைத்த வார்த்தையாகவே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. முதல் கல் யாருடையது என்பது மோசேயின் சட்டத்திலேயே இருக்கிற கேள்வி. அவர்கள் ஓட்டமாய்க் கடந்துபோன இடத்தில் அவர்களை நிறுத்தினார், அவ்வளவுதான். (அந்தச் சட்டம் ஆணும் பெண்ணும் இருவரும் என்று சொல்லியிருக்க, அன்று இழுத்து வந்தது ஒருத்தியை மட்டும்.)

அதற்கு ஒரு அதிகாரம் முன்பு, இயேசுவைப் பிடிக்க நினைத்த பரிசேயரிடம், அவர்களில் ஒருவரான நிக்கொதேமு கேட்டதும் இதைத்தான்: ஒருவன் சொல்வதைக் கேட்காமல், அவன் செய்ததை அறியாமல், அவனைக் குற்றவாளி என்று தீர்க்க நம்முடைய சட்டம் இடம் கொடுக்கிறதா? உடனே கூட இருந்தவர்கள் நீயும் கலிலேயனோ என்று கேட்டு அவரை மடக்கினார்கள். எங்கள் கூட்டத்தில் அவரைப் போல ஒருவர் இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

சரி, சாட்சி இரண்டு இருந்துவிட்டால் போதுமா? தன் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்குக் கொடுக்க மறுத்ததால் பொய்க்குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட நாபோத்தின் கதையை நினைத்துப் பாருங்கள், 1 இராஜாக்கள் 21. அங்கே முறைப்படி எல்லாம் நடந்தது. உபவாசம் கூறினார்கள், ஜனத்துக்கு முன் அவனை உட்கார வைத்தார்கள், சரியாக இரண்டு சாட்சிகள் வந்தார்கள். ராணி யேசபேல் கடிதம் எழுதினாள், அதை நிறைவேற்றியவர்கள் அந்தப் பட்டணத்து மூப்பர்கள். மூப்பர்களே, அந்த வார்த்தை உங்களையும் குறிக்கிறது என்பதால் சொல்கிறேன், வேண்டியவர் ஒருவர் மேலேயிருந்து சொல்லிவிட்டார் என்பதற்காகக் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் இந்த அதிகாரம் உங்கள் ஞாபகத்துக்கு வரவேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஒருவர் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அழுதுகொண்டு சொல்லும்போது, "இரண்டு சாட்சி இருக்கிறதா, வேதம் அப்படித்தானே சொல்லுகிறது" என்று வாயை அடைக்கிறார்கள். இது வேதத்தை அரைகுறையாய் வாசிப்பது. உபாகமம் 22:25 முதல் 27 வரை என்ன இருக்கிறது? நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண்ணை வெளியில் ஒருவன் பலவந்தம் பண்ணினால் அவள்மேல் குற்றம் இல்லை, அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற ஆள் இல்லை. அதைக் கொலைக்கு ஒப்பிட்டே எழுதியிருக்கிறது. பார்த்தவர் யாரும் இல்லாத இடம் என்று தெரிந்தும் சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. அந்த அதிகாரத்தில் எனக்கு விளங்காத, மனசை வருத்துகிற வசனங்களும் உண்டு, ஆனால் இந்த இடத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. இப்படிப்பட்ட புகார் வந்தால் தயவுசெய்து உங்கள் அறைக்குள் வைத்து முடிக்காதீர்கள், காவல்துறைக்குப் போக அவர்களுக்குத் துணை நில்லுங்கள்.

அப்புறம் பாரபட்சம். பழைய பாபிலோனின் ஹமுராபி சட்டத்தில், மேல்தட்டு மனிதனின் கண்ணைக் கெடுத்தால் கெடுத்தவனின் கண் போகும், சாமானியனின் கண் என்றால் வெள்ளி கொடுத்து முடித்துக்கொள்ளலாம். லேவியராகமம் 24 கண்ணுக்குக் கண் என்று சொன்ன கையோடு, பரதேசிக்கும் சுதேசிக்கும் ஒரே நியாயம் என்று சொல்கிறது. 19:15-ல் ஏழை என்று சலுகையும் வேண்டாம், பெரிய மனிதன் என்று பயமும் வேண்டாம் என்கிறது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் அழுக்கு உடுப்புக்காரனுக்குத் தரையும் கொடுக்கிற சபையை யாக்கோபு கண்டித்ததும் இதே வழியில்தான். காணிக்கை அதிகம் கொடுக்கும் குடும்பத்துப் பையன் செய்தால் ஆலோசனை, மற்றவன் செய்தால் சபைநீக்கம் என்று எத்தனை முறை பார்த்துவிட்டோம்.

இதற்கு நீங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். ஒன்று, நாங்கள் கிருபையின் கீழ் இருக்கிறோம், பழைய சட்டம் நீதிபதிகளுக்கு என்ன சொன்னாலும் எங்களைக் கட்டாது. அப்படியானால் அவள்மேல் லேவியராகமத்தை வாசித்தது எந்தக் கணக்கில்? பழைய ஏற்பாடே வேண்டாம் என்ற மார்சியனை ரோம சபை கி.பி. 144-லேயே தள்ளிவிட்டது. அப்போஸ்தலர் 15-ல் புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவெடுத்தபோதுகூட, தர்க்கம் நடந்தது, பேதுரு பேசினார், கூட்டம் முழுவதும் அமைதியாகப் பவுலையும் பர்னபாவையும் கேட்டது, அதற்குப் பிறகே யாக்கோபு முடிவைச் சொன்னார்.

இன்னொன்று, நியாயந்தீர்க்காதிருங்கள் என்று இருக்கிறதே, யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்பது. இதுவும் சரியில்லை. உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை எடுத்த பிறகு சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்கத் தெளிவாய்ப் பார்ப்பாய் என்று அதே இடத்தில் இருக்கிறது. "தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்" என்றும் இயேசுவே சொன்னார்.

என்னை அதிகமாய்த் தொட்டது உபாகமம் 25-ல் வரும் ஒரு சின்ன வசனம். குற்றம் உறுதியானவனையும் நாற்பது அடிக்கு மேல் அடிக்கக் கூடாதாம், ஏனென்றால் அதற்கு மேல் போனால் உன் சகோதரன் உன் கண்ணுக்கு அற்பனாகிவிடுவான். அடி வாங்கும்போதும் அவனைச் சகோதரன் என்றே சொல்லியிருக்கிறது! கொரிந்துவில் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பவுல், பட்டது போதும், மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்று எழுதினார். நம் தீர்மானப் புத்தகங்களில் தள்ளிவைத்த தேதி இருக்கிறது, திரும்பச் சேர்த்துக்கொண்ட தேதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எங்கள் மூப்பர்களுக்கும் இதைக் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் பழைய தீர்மானங்களை எடுத்து, சம்பந்தப்பட்டவர் பேச இடம் கொடுத்தோமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்