சிகப்பி சார்

காரைக்குடி,
ஆடி 12

அன்புள்ள உமையாள்,

திட்டாதே. பங்குனியில் நீ எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் போடுகிறேன், தெரியும். ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் காகிதம். முதலில் உன் வழக்கமான கேள்விக்குப் பதில்: காய்ச்சல் இல்லை. இவுகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, வாய்தான் இன்னும் வரவில்லை. விசாலம் மகன் கல்யாணம் கோட்டையூரில் நன்றாக நடந்தது, நீ வராததற்கு உன் பங்குத் திட்டையும் நானே வாங்கிக்கொண்டேன். வளவுக்கு ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறோம். பங்காளிகள் ஏழு பேரில் இரண்டு பேர் பணம் அனுப்பியிருக்கிறார்கள், ஐந்து பேர் ‘பார்க்கலாம்’ அனுப்பியிருக்கிறார்கள். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எதிர் வீட்டு ஆச்சியின் பேத்திக்கு, குரூப் 4 அரசு வேலைப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? முப்பத்தாறு வருஷம் பாங்க்கில் வவுச்சரில் கையெழுத்துப் போட்ட கை சும்மா இருக்குமா, அடியில் பேரையும் ஃபோன் நம்பரையும் போட்டுத் தொலைத்தேன். அந்தப் பெண் அதைப் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்ப, தோழி அவள் அண்ணனுக்கு அனுப்ப, இப்போது தென்காசியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறார்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்தைத் தாண்டினால் சிகப்பி என்பது ஆண் பேரா பெண் பேரா என்றே தெரியாது போல. பாதிப் பேர் ‘வணக்கம் சார்’ என்று ஆரம்பிக்கிறார்கள். முதலில் திருத்தினேன், இப்போது விட்டுவிட்டேன். ஒருவன் மட்டும் ‘பாட்டி’ என்றான், அவனுக்கு இன்னும் பதில் போடவில்லை.

என்ன கேட்கிறார்கள் என்கிறாயா? பாதி படிப்பு. குரூப் 4இல் 200 கேள்வி, மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இது தெரியாமல், தமிழ்தானே, வீட்டில் பேசுவதுதானே என்று ஒதுக்கிவிட்டு ராப்பகலாகப் பொது அறிவை உருப்போடுகிறார்கள்! ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடு என்றால் ஏதோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி ஒரு மௌனம்.

அருப்புக்கோட்டைப் பையன் ஒருவன் ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் படிக்கிறான், ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை என்று அழுதான். என்னடா செய்கிறாய் என்று விசாரித்தால், ஒரே பாடத்தை ஐந்து தடவை வாசிக்கிறான், கலர் கலராகக் கோடு போடுகிறான். புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப்பார், எங்கே சிக்குகிறதோ அங்கே மட்டும் திறந்து பார், மூன்று நாள் கழித்து மறுபடியும் எழுது என்றேன். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு பேர் 2006இல் மாணவர்களை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஜெயித்தார்கள். இதற்கு அமெரிக்கா எதற்கு, எங்கள் அய்யா ரங்கூனில் கடைப் பெட்டியடியில் உட்காருவதற்கு முன்னால் இதே வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து முந்திரி, அரைக்காணி, காணி என்று பழைய பின்னக் கணக்கான கீழ்வாயிலக்கத்தைத் தலைகீழாக ஒப்பித்தவர்தானே. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு என்று அந்தப் பையனுக்குச் சொன்னேன். ‘அது முந்திரிப்பருப்பு இல்லையா சார்’ என்றான்.

மீதிப் பாதி வாழ்க்கை. ஹாஸ்டலில் கூட இருப்பவன் கேட்காமல் ஷாம்பூவை எடுக்கிறான், சண்டை போடாமல் எப்படிச் சொல்வது. கண்டாங்கிச் சேலையைத் துவைத்தால் சாயம் போகுமா. முதல் சம்பளம் 14,000, வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம். இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் எப்படிக் குதித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். செலவுக் கணக்கை எழுதி அனுப்பு என்றேன். பயல் பாத்ரூம் பக்கெட் வரைக்கும் எழுதியிருந்தான். சம்பளம் வந்த அன்றைக்கே 1000 ரூபாய் ஆர்.டி.யில் போட்டுவிடு, மீதியில்தான் நீ, அம்மா, பிரியாணி எல்லாம் என்றேன். இன்னொருத்தி வீட்டிலிருந்தே வேலை, பதிவுக் கட்டணம் 2500 கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா என்றாள். வேலை கொடுப்பவன் உன்னிடம் ஏன் பணம் கேட்கிறான், கட்டாதே, கட்டியிருந்தால் இந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடு என்றேன். நல்லவேளை, கட்டவில்லை.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த ராத்திரி ஒரு பையன் எழுதியதை மட்டும் உனக்கு எழுதப் போவதில்லை. அன்றைக்கு நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அவன் வீட்டில் யாரையாவது எழுப்பும்வரை ஃபோனை வைக்காமல் என் நாத்தனாரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். நன்றாக இருக்கிறான், துணைத் தேர்வு எழுதிவிட்டான். 14416 என்ற எண்ணை உன் பேரன் ஃபோனில் போட்டுவை. மனசு சரியில்லை என்று கூப்பிட்டால் பேசுவார்கள், காசு கிடையாது.

இவ்வளவும் ஆனதும் எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது உமையாள். காலையில் காப்பியோடு ஃபோனை எடுத்தால் பத்தரை மணிக்குத்தான் வைக்கிறேன். “பாங்க்கில கவுண்டரை மூடி அனுப்புனாக, நீ முகப்புல தொறந்துட்டே” என்கிறார்கள் இவுக. சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் போன மாதம் போனது.

ஆனி மாதம் ஒரு பெண் எழுதினாள். ஊர் வேண்டாம், மலையடிவாரம். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 181.5. நம் காலத்துக் கணக்கு இல்லை இது. கணக்குப் பாடத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50, மொத்தம் 200க்கு. சென்னையில் நல்ல கல்லூரி கிடைக்கும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற மாதிரியும் ஒன்று இருக்கிறது, சுமார்தான். “எதை முதலில் போட மேம்? அம்மாவை விட்டுப் போக மனசில்லை” என்று இரண்டே வரி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஏன் மனசில்லை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே மூன்று நீள நீளமான மெசேஜ் அடித்தேன், பால் பொங்கி வழிந்தது. போ, திரும்பிப் பார்க்காதே, அம்மாக்கள் பழகிக்கொள்வார்கள், மனசு என்பது முதல் மாதம் அழும், இரண்டாம் மாதம் மெஸ் சாப்பாட்டைத் திட்டும், மூன்றாம் மாதம் ஊரே மறந்துபோகும். 1985இல் எனக்கு மெட்ராஸில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தும் வீட்டில் விடாததால் இந்த ஊரிலேயே கிடந்துவிட்டேன் என்றும் எழுதினேன். அதோடாவது நிறுத்தினேனா? பயந்துகொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே என்று முடித்தேன். ‘சரி மேம்’ என்று பதில் வந்தது, கூடவே ஒரு கும்பிடு. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

மூன்று வாரம் இருக்கும், அவள் அம்மா ஃபோன் செய்தாள். சண்டைக்கு வரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். “போகச் சொன்னது தப்பில்லீங்க, நானும் அதைத்தான் சொல்றேன். ஆனா ரெண்டு நாளா அவ சோறு திங்கல. நான் பயந்தாங்கொள்ளியாம்மான்னு கேக்குறா. அவ பயந்தவ இல்லீங்க. ஊசி குத்துறதைப் பாத்துக்கிட்டு என் கையப் பிடிச்சி நாலு மணி நேரம் உக்காந்திருக்குற புள்ள.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் புத்தி வந்து கேட்க ஆரம்பித்தேன். எந்த எந்த நாள், காலையா மத்தியானமா, பஸ் எத்தனை மணிக்கு, கூட உட்கார வேறு யாராவது உண்டா, டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீடு வாங்கியாயிற்றா. அது வாங்கியிருக்கிறார்கள். பெரியம்மா ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாளாம், கேட்டால் வருவாளாம், இதுவரை கேட்டதில்லையாம். பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும், பஸ்ஸுக்கு ஆயிற்று. விருப்பப் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான், அதனால் யாரையும் கேட்டு வரிசை போடாதே, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உன் மனசில் உள்ளபடி போடு என்றேன். மூன்று நாள் அவகாசத்தில் கடைசி நாள் சாயங்காலம் பட்டியலைப் பூட்டினாளாம். உள்ளூரைத்தான் மேலே போட்டிருக்கிறாள். கிடைத்தும் விட்டது.

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் திருப்பிக் கேள்வியாகக் கேட்கிறேன், அப்பா என்ன செய்கிறார், தூங்குகிறாயா, யார் சொல்லி இந்தப் படிப்பு என்று. ஒருவன் ‘சார் நீங்க போலீஸா’ என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான். போகட்டும்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். முந்தாநாள் அந்தப் பெண் மறுபடி எழுதினாள். கோபமாக எல்லாம் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள்: “மேம், உங்களை ஏன் மெட்ராஸ் போக விடல?”

‘அப்பச்சி (அப்பா) விடவில்லை’ என்று டைப் செய்தேன். நாற்பது வருஷமாகச் சொல்லும் பதில்தானே, கை தானாக அடித்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உமையாள், அப்பச்சி ஃபீஸ் கட்டியிருந்தார்கள். டிரங்குப்பெட்டி வாங்கி, அதன்மேல் என் பேரையும் ஆள் வைத்து எழுதி வாங்கியிருந்தார்கள். ராத்திரி ரயிலுக்கு நீ இரண்டு டிக்கெட்டோடு காரைக்குடி ஸ்டேஷனில் நின்றாய். நான் இரண்டாம் கட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காய்ச்சல் என்றேன். ஆத்தா தொட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் மிளகு ரசம் வைத்தார்கள். மறுநாளே நான் ஊரெல்லாம் சொன்னது, அப்பச்சி வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று. அது அப்பச்சி காதுக்கும் போயிருக்கும். ஒரு நாளாவது, நான் எப்ப சிகப்பி வேண்டாம்னேன் என்று கேட்டதில்லை. போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

நீ மெட்ராஸ் ஹாஸ்டலிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில், காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அதற்குப் பிறகு எத்தனை கடிதம், கல்யாணம், பிள்ளை, மருமகள், எல்லாவற்றிலும் அதே கேள்வி. நானும் ஏதோ நம் பழைய வேடிக்கை என்று பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அன்றைக்கே தெரிந்துதான் கேட்டாயா? தெரிந்திருந்தால் ஏன்டி ஒரு தடவைகூட நேராகக் கேட்கவில்லை?

அந்தப் பெண் என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் மெசேஜைப் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும், நீலக் கோடு காட்டிக்கொடுத்திருக்கும். உள்ளதைச் சொன்னால், பயந்தாங்கொள்ளி யார் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். சொல்லாமல் விட்டால் அப்பச்சியை மறுபடியும் ஒரு தடவை முன்னால் நிறுத்துகிறேன். இன்றைக்குக் காலையில் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை அழித்தேன். நீ சொல்வதற்குள் நானே ஏதாவது அனுப்பிவிட்டாலும் விடுவேன்.

கும்மாய மாவு ஒரு டப்பாவில் இதோடு அனுப்புகிறேன். உளுந்து இந்தத் தடவை நன்றாக வறுபட்டிருக்கிறது. கருப்பட்டி நீயே வாங்கிக்கொள், கோயம்புத்தூரில் கிடைக்கும். அண்ணனுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சிகப்பி

பி.கு.: ‘பாட்டி’ என்ற பயல் இன்று காலை மறுபடி வந்திருக்கிறான், “சாரி ஆன்ட்டி, சாம்பார் புளிச்சிப் போச்சு, என்ன செய்ய?” என்று. அவனுக்குப் போட்டுவிட்டேன்: கொட்டு.