தொட்டிக்கு எந்த போர்டு?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருமங்கலத்தில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிறேன். அறிவியல் கண்காட்சி நெருங்கினாலே பள்ளிப் பிள்ளைகள் கடைக்கு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவிதான். வைஃபை இருக்கிறதே என்று இஎஸ்பி 32 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டை வாங்கி வருகிறார்கள். அதில் கம்பி மாட்டும் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. தண்ணீர் மட்டம் பார்க்க அவர்கள் மாட்டும், ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரோ, எதிரொலி வந்ததைச் சொல்லும் எக்கோ பின்னில் 5 வோல்ட் தரும். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் போட்டுக் குறைக்காவிட்டால் போர்டு போய்விடலாம். வீட்டில் கேட்டு வாங்கிய காசு அது, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற இன்னொரு போர்டு 5 வோல்ட்டிலேயே ஓடும், சென்சாரை நேரடியாக மாட்டலாம். வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேம் 2 கிலோபைட்தான். தொட்டிக்கு அது தாராளம். சிப்பை சாக்கெட்டில் செருகியிருக்கும் ஊனோ என்றால் இன்னும் நல்லது, கெட்டாலும் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் மட்டத்தை வைஃபை வழியாகப் போனில் பார்க்க வேண்டுமா, சரி, அப்போது இஎஸ்பி 32 வாங்கட்டும்.

அறிவியல் ஆசிரியர்களே, பிள்ளைகள் சாமான் வாங்க மதுரைக்குப் பஸ் ஏறும் முன், எந்த சென்சார், எத்தனை வோல்ட், வைஃபை தேவையா என்று ஒரு தாளில் எழுத வையுங்கள். மோட்டார் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும். அது 230 வோல்ட்.

- ஒரு ரேடியோ மெக்கானிக், திருமங்கலம்