கிரைண்டர் எடையையும் சேர்த்துக்கொள்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூன்று வாரமாகப் போனில் "நல்லாருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்பதோடு சரி. படமாவது அனுப்பினாயே.

உள்ளேயே தங்கிக்கொள்கிற ஃபிஃப்த் வீல் ட்ரெயிலர் என்றதும் பெருமையாகத்தான் இருந்தது. நம் சங்ககிரி ட்ரெயிலர்களில் இருக்கிற அதே தட்டு, அதில் மாட்டுகிற அதே கிங் பின். அப்புறம் இழுக்கப்போகிற உன் எஃப்-150 பிக்கப்பைப் பார்த்தேன். தூக்கம் போய்விட்டது.

5,000 கிலோ இழுக்கும் என்று விற்றவர் சொன்னாராம். இழுக்கும், நான் மறுக்கவில்லை. தாத்தாவின் பாரவண்டியை நினைத்துப் பார். முன்பாரம் ஏறினால் காளை இழுக்காமல் நிற்காது, கழுத்துதான் இறங்கிப்போகும். உன் ட்ரெயிலர் பம்பருக்குப் பின்னால் தொங்குவதில்லை, பிக்கப்பின் முதுகில் உட்காருகிறது. மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கிங் பின் வழியாகப் பிக்கப்பில் இறங்கும். சாமான் ஏற்றி 4,000 கிலோ என்றாய், அப்படியானால் 800. கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதில் ஆளும் சரக்கும் சேர்த்தே 744 கிலோதான். நீங்கள் மூன்று பேர் இன்னும் ஏறவே இல்லை. ட்ரெயிலரை மாட்டப் பிக்கப்பின் பின்தொட்டியில் பொருத்துகிற ஹிட்ச் எடை வேறு. இதைவிடப் பாரம் தாங்குகிற முக்கால் டன், ஒரு டன் பிக்கப் என்று அங்கே சும்மாவா விற்கிறார்கள்? படித்த பிள்ளை, இந்தக் கூட்டலைப் போடாமல் விட்டாயே.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ட்ரெயிலர் அலமாரியில் காமாட்சி விளக்கு இருக்கிறதாம். கீழே கிரைண்டர். குட்டியின் பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பைகள் கூட. லீவுக்குத்தான் போகிறோம் என்றாய். சரி. கிரைண்டர் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹவர் சுரங்கம், 11,000 அடி உயரம். தாண்டினதும் சில்வர்தோர்ன் வரைக்கும் ஒரே இறக்கம், நூறு அடிக்கு ஏழு அடி. பிரேக் போன லாரி ஏறி நிற்க அங்கே சரளை மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் அதைப் போடுவார்களா? பாரம் இழுக்கும்போது போடுகிற டோ-ஹால் பட்டனைப் போடு. மேலே நின்று, கியரைக் குறைத்துக்கொண்டு இறங்கு. பிரேக்கை மிதித்தபடியே வராதே. ட்ரெயிலர் பிரேக் கன்ட்ரோலர் வேலை செய்கிறதா என்று கிளம்பும்போதே பார். கியரில் இறங்கு, கண்ணு. பிரேக்கை நம்பாதே.

தொப்பூர் கணவாயில் நடந்தது உனக்குத் தெரியும். பிரேக் போய்விட்டது, மாமன் காலில் அடிபட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். பிரேக் தானாகப் போகவில்லை. ஒன்பது டன் ஏற்ற வேண்டிய வண்டியில் பதினான்கு ஏற்றினேன். உன் அக்கா கல்யாணக் கடன் இருந்தது, யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. பிரேக் லைனர் கருகுகிற வாடை கேபினுக்குள் வந்ததும் மாமன், "மச்சான், ஓரங்கட்டுங்க" என்றான். இன்னும் ரெண்டு வளைவுதானே என்று விட்டுவிட்டேன். அவன் கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தான், சக்கரத்துக்குக் கொடுக்க. அந்தக் காலைத்தான் இன்றைக்கும் இழுத்து இழுத்து நடக்கிறான். ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. அம்மாவுக்கு இது நேற்று ராத்திரிதான் தெரியும்.

அங்கே நெடுஞ்சாலையோர ட்ரக் ஸ்டாப்களில் எடைமேடை இருக்குமாமே. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, மூன்று பேரும் உட்கார்ந்து, அச்சு அச்சாக எடை போடு. சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. அது வருகிற வரைக்கும் வண்டியை எடுக்காதே.

மாடி அறைக்குப் போன வாரம் வெள்ளையடித்தேன். ஜன்னல் கொக்கியும் மாற்றியாயிற்று. சும்மாதான் கிடக்கிறது. குட்டிக்கு இங்கே பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறப்பார்கள்.

அப்பா