தம்பி, சிரித்தது தப்பில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனை எடுத்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, இன்னிக்கு நான் சிரிச்சுட்டேன்." உன் மனைவி போன ஐந்தாவது மாதத்தில், தப்பு செய்துவிட்டு வந்து ஒப்புக்கொள்கிற பிள்ளையின் குரல் அது. பாப்பா மடித்த காகிதத் தவளை குதிக்காமல் குப்புற விழுந்திருக்கிறது. அவள் சிரித்திருக்கிறாள், கூடவே நீயும். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்றாய். போனில் எனக்குச் சரியாகப் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் அத்தான் போய் ஆறு வருஷம். அதற்குப் பிறகு நான் முதன்முதலில் சிரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சிரித்த வாயோடு, அவரும் சிரிக்கிறாரா என்று பார்க்கப் பழக்கத்தில் திரும்பிவிட்டேன். அந்தத் திரும்பல்தான் என்னை உடைத்தது. உனக்கும் நேற்று அதுதான் நடந்திருக்கும். சிரிப்பின் மேல் பழி போடாதே.

துக்கத்துக்கு ஐந்து படி உண்டாமே, நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று கேட்டாய். 1969இல் அதை எழுதிய எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் பேசிப் பார்த்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். அவர்களை இழந்து நிற்கும் நம்மை மாதிரி ஆட்களுக்கு அது பிற்பாடு பொருத்தப்பட்டது. எனக்குக் கைகொடுத்தது 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் இருப்பார், ஒரு நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் போவார், மறுபடி திரும்புவார். இப்படிப் போய்வருவதுதான் மனுஷனை மெல்லத் தேற்றுகிறது என்றார்கள். பாப்பா இதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறாள், பார். அம்மா வேண்டும் என்று தேம்புவாள், பத்தாவது நிமிஷம் காகிதம் மடிக்க உட்காருவாள். குழந்தைகளுக்குத் துக்கம் மழைத் தண்ணீர்க் குட்டை மாதிரி. குதிப்பார்கள், வெளியே வருவார்கள், மறுபடி குதிப்பார்கள். நீ நடு ஆற்றில் நிற்கிறாய்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது கை, மனசு ரொம்பப் பின்னால்தான் வந்தது. ஒரு குரோஷா ஊசி, ஒரு உருண்டை கம்பளி நூல். பின்னல் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தாலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு நூல் வளையம், ஒரு கண்ணிதான், அடுத்த கண்ணியைப் போட்டால் போதும். இருபது கண்ணி எண்ணி வரிசையைத் திருப்ப வேண்டும், எண்ணிக்கை தவறினால் ஓரம் கோணிக்கொண்டு போகும். எண்ணிக்கொண்டிருக்கிற மனசில் ஆஸ்பத்திரியின் கடைசி ராத்திரி ஓட இடமில்லை. அப்படி இருபது நிமிஷம் கிடைத்தாலே அன்றைக்கு எனக்குப் பெரிசு.

முதல் மாதம் பின்னியதை எல்லாம் பிரித்தேன். பிரித்த நூல் நேராக வராது தம்பி, போன பின்னலின் வளைவு சுருள் சுருளாக அதிலேயே நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் தொங்கவிட்டுக் காயவைத்தால் மெல்ல நீளும். அதே நூலில் அப்புறம் பின்னிய உறைதான் இப்போது என் தலையணையில் இருக்கிறது.

உனக்கு இப்போதைக்குக் காகிதமே போதும். அந்தத் தவளை குதிப்பது பின்பக்கத்து மடிப்பு ஸ்பிரிங் மாதிரி விரிவதால். அந்தக் கடைசி மடிப்பை நகத்தால் ரொம்ப அழுத்திவிட்டால் துள்ளாது. கொஞ்சம் விறைப்பான காகிதத்தில், கடைசி மடிப்பை மட்டும் லேசாக மடித்துப் பாருங்கள், இரண்டு பேரும்.

ஒரே வரியை நாலு தடவை படித்தும் ஏறவில்லை என்றாயே, துக்கத்தில் கவனம் நிற்காமல் போவது சகஜம். நாவலை மூடி வை. சின்ன வயசில் படித்த, முடிவு தெரிந்த கதை ஒன்றை எடு. யார் சாகப்போகிறார்களோ என்று பயந்துகொண்டே பக்கம் திருப்ப வேண்டியதில்லை. இல்லாவிட்டால் பாப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. வாய் படிக்கும்போது கண் வரியை விட்டு நழுவுவது குறையும். அவள் அம்மா சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் என்று படிப்பாளே, அதை நீ செய்ய முயலாதே. உன் குரலிலேயே படி.

வெளியே போவதுதான் எனக்குக் கடைசியாகக் கைவந்தது. அவர் இல்லாமல் கிளம்பிய முதல் நாள், காரின் முன் சீட்டில் யார் உட்காருவது என்று தெரியாமல் வாசலில் எல்லோரும் பேசாமல் நின்றோம். கடைசியில் சின்னவன்தான் ஏறி உட்கார்ந்தான். அவரோடு போகாத இடமாகப் பார்த்துப் போனோம். யாராவது "போதும்" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. நாற்பதாவது நிமிஷம் நானே சொல்லிவிட்டேன். அடுத்த தடவை மாலை வரைக்கும் இருந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு இது ஐந்தாவது மாதம்தான். ஆறு மாதம் தாண்டியும் வேலை, பிள்ளை எதையும் பார்க்க முடியாத அளவுக்குத் துயரம் விடாமல் அழுத்தினால், அதற்கு நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. மருத்துவரிடம் நானும் கூட வருவேன். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மாதம் எண்ணாதே, அந்த நிமிஷமே கூப்பிடு.

அப்புறம், அவள் பெட்டி. பாப்பாவுக்காக ஆரம்பித்த ஸ்வெட்டர் குரோஷா ஊசியோடு பாதியில் கிடக்கிறது, முடிப்பதா பிரிப்பதா என்று கேட்டாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஊசியை உருவுவதற்கு முன் அந்தக் கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கைக் கோத்துப் பூட்டிவிடு. யார் கை பட்டு நூல் இழுபட்டாலும் அவள் போட்ட ஒரு கண்ணிகூட அவிழாது. ஊசியைப் பாப்பாவிடம் கொடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை நான் புது நூல் கொண்டுவருகிறேன். முதல் சங்கிலிப் பின்னல் போடச் சொல்லித்தருகிறேன், உனக்கும் சேர்த்து.

உன் அக்கா