மூடி இல்லாத நிலக்கரி ரயிலும் கொலம்பியா ஆற்றங்கரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பில் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தோம். மல்ட்னோமா அருவி, பீக்கன் ராக், ஹூட் ரிவர் ஊரில் பாய் கட்டிய பலகையில் ஆற்றைக் கிழித்துப் போகிறவர்கள் என எல்லாம் வந்திருந்தன. வடக்கே வாஷிங்டன் கரையில் நீரை ஒட்டி ஓடும் தண்டவாளமும், அதில் திறந்த பெட்டிகளில் போகும் நிலக்கரியும் மட்டும் விடுபட்டுவிட்டன. சரக்கு ரயில் ஏற்றுமுறையோடும் தூசி அளவீட்டோடும் தொழில்ரீதியாகத் தொடர்புடைய வாசகர்கள் சிலர் சேர்ந்து அந்தக் குறையை நிரப்ப எழுதுகிறோம்.

ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு இடையே 137 கி.மீ. நீளமுள்ள இந்தப் பகுதியை இயற்கைக் காட்சிப் பகுதியாகப் பாதுகாக்கும் சட்டத்தில் அதிபர் ரீகன் 1986 நவம்பர் 17 அன்று கையெழுத்திட்டார். பரப்பு 2,92,500 ஏக்கர். ஆற்றிலிருந்தும் சாலையிலிருந்தும் கண்ணில் படும் இடத்தில் வீடு கட்டினால் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதுவரை விதி உண்டு. ரயில் போக்குவரத்தோ மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பெட்டியை மூடு என்று மாநில அரசோ பள்ளத்தாக்கு ஆணையமோ உத்தரவு போட முடியாது. சிக்கலின் ஆணிவேர் இங்கேதான்.

வாஷிங்டன் கரையில் ஓடுவது பி.என்.எஸ்.எஃப். என்ற ரயில் நிறுவனத்தின் பாதை. அதில் வரும் நிலக்கரி வயோமிங், மொன்டானா மாநிலங்களின் பவுடர் ரிவர் படுகையில் வெட்டப்படுவது. கந்தகம் குறைவு என்பதால் 1990க்குப் பிறகு அதற்குக் கிராக்கி ஏறியது. ஆனால் இது உறுதியான கரி அல்ல. எடையில் கால் பங்குக்கு மேல் ஈரம். அந்த ஈரம் காயக் காயக் கட்டி வெடிக்கும், விளிம்பு உதிரும், கடைசியில் பொடியாகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை வெயிலில் நாலு நாள் கிடக்கப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுரங்கத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்குச் சுமார் 1,600 கி.மீ. வழியெல்லாம் பெட்டி குலுங்கிக்கொண்டே வருவதால், ஏற்றும்போது கட்டியாக இருந்ததில் ஒரு பகுதி இங்கே வருவதற்குள் தூளாகிவிடுகிறது.

ஒரு வண்டிக்குச் சுமார் 120 பெட்டிகள், பெட்டிக்கு 100 டன்னுக்கு மேல் கரி. தூசி மேலிருந்து மட்டும் பறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அடியில் கதவு வைத்த பெட்டிகளில் கதவு இடுக்கு வழியாகக் கரி சிந்திக்கொண்டே வரும். ஏற்றும்போது வெளியே கொட்டி, பெட்டி விளிம்பிலும் இணைப்புக் கொக்கியின் மேலும் தங்கிய கரி ஒவ்வொரு குலுக்கலிலும் உதிரும். கொட்டிவிட்டுத் திரும்பும் காலிப் பெட்டியின் மூலைகளில் ஒட்டிய மிச்சமும் பறக்கும். காலி வண்டிகள் பெரும்பாலும் ஸ்டாம்பீட் கணவாய் வழியாகத் திரும்புவதால் இந்தக் கடைசித் தொல்லை பள்ளத்தாக்கில் குறைவு. அது போய்ச் சேருவது வேறு ஊர்க்காரர்களிடம், அவ்வளவுதான்.

பாய்ப்பலகை ஓட்டுகிறவர்களைப் பள்ளத்தாக்குக்கு இழுக்கும் காற்றேதான் கரியையும் பறக்கவிடுகிறது. கோடையில் கடலிலிருந்து கிழக்கு நோக்கி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்று வீசுவது இங்கே சாதாரணம். கரி ஏற்றிய வண்டி மேற்கு நோக்கி வருகிறது. வண்டியின் வேகம் 80 என்றால், கரியின் மேற்பரப்பில் அடிக்கும் காற்றின் வேகம் 130. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்குக்கும் மேல் இழுப்பு. லைல் ஊரிலிருந்து மேற்கே பல இடங்களில் பாதை குகைகளுக்குள் நுழைந்து வெளிவருகிறது. அந்த வாய்களில் காற்று திடீரென்று மாறும்போதும், எதிர்வண்டி உரசினாற்போல் கடக்கும்போதும் கறுப்புப் புகைபோல எழுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

எவ்வளவு பறக்கிறது? ஒரு பெட்டியிலிருந்து 500 பவுண்டு முதல் ஒரு டன் வரை கரி வெளியேறக்கூடும் என்று ஒரு காலத்தில் பி.என்.எஸ்.எஃப். நிறுவனமே எழுதியிருந்தது. கிலோவில் சொன்னால் 225 முதல் 900. இது முழுப் பயணத்துக்கான கணக்கு, அதுவும் தூசி பறக்காமலிருக்கக் கரியின் மேல் பசைக் கரைசல் தெளிக்கும் வழக்கம் வருவதற்கு முந்தையது. பெரும்பகுதி சுரங்கத்தை ஒட்டிய தூரத்திலேயே போய்விடுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்குக்கு ஒன்றும் வந்து சேருவதில்லை என்று பேசுவதைத்தான் ஏற்க முடியாது.

அந்தப் பசை ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005 மே மாதம் வயோமிங்கில் இரண்டு ரயில் நிறுவனங்கள் கரி வண்டிகளை ஓட்டும் கூட்டுப் பாதையில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு வண்டிகள் தடம் புரண்டன. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லியின் வேலை, மழைநீரை வடியவிடுவதும் கல்லோடு கல் இறுகித் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டையை அசையாமல் பிடிப்பதும். கரித்தூள் அந்த இடைவெளிகளை அடைத்துத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அப்புறம் கல் கல்லைப் பிடிக்காது, வழுக்கும். கட்டை நகர்ந்தால் தண்டவாளம் விலகும். ஜல்லியைக் கெடுப்பவற்றில் ஈரக் கரித்தூள் மிக மோசமான ஒன்று என்பது இலினாய் பல்கலைக்கழகச் சோதனைகளிலும் தெரியவந்தது.

ரயில்வே கொண்டுவந்த தூசிக் கட்டுப்பாட்டைக் கரி வாங்கும் மின் நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடியும், கரித்தூள் ஜல்லிக்குக் கேடு, அதைக் கட்டுப்படுத்த ரயில்வேக்கு உரிமை உண்டு என்று ரயில் வழக்குகளை விசாரிக்கும் மத்திய அமைப்பான தரைப் போக்குவரத்து வாரியம் 2011இல் சொன்னது. அதன்பிறகு வந்த விதிப்படி, ஏற்றும் கரியின் மேற்பரப்பை ஓரங்கள் சரிந்து நடு மழுங்கிய மேடாகச் சீவ வேண்டும். அதன்மேல் பசைக் கரைசல் தெளிக்க வேண்டும். இழப்பு 85 சதவீதம் குறைய வேண்டும். தூசியே இல்லை, எல்லாம் சூழலியலாளர்களின் கற்பனை என்று சொல்கிறவர்களுக்கு நாங்கள் காட்டுவது இந்த வாரிய வழக்கைத்தான். தூசி எவ்வளவு பொல்லாதது என்று ஆவணங்களோடு வாதாடியவர்கள் ரயில்வேக்காரர்களே.

ஆனால் விதியின் நோக்கம் பாதையைக் காப்பது. ஆறு அதன் கணக்கில் இல்லை. பசை காய்ந்து மேலே ஓடுபோல நிற்கும். அடியில் கரி குலுங்கி இறங்கும்போது ஓடு தாங்க ஆதாரமின்றிப் பிளக்கும். நூற்றுக்கணக்கான மைல் தாண்டி, மழையும் வெயிலும் பட்டு, பிளந்த ஓட்டோடுதான் பெட்டி கொலம்பியாக் கரைக்கு வருகிறது. இதை உணர்ந்துதான் பள்ளத்தாக்குக்கு முன்னால் உள்ள பாஸ்கோவில் மறுபடி தெளிக்கும் நிலையம் அமைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் மேலே எத்தனை முறை தெளித்தாலும் அடிக் கதவு இடுக்குக்கும் கொக்கியில் கிடக்கும் கரிக்கும் அது மருந்தாகாது.

2014 கோடையில் டான் ஜாஃபி தலைமையிலான வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு பள்ளத்தாக்கில் பாதையோரம் கருவிகளையும் கேமராவையும் வைத்து அளந்தது. மற்ற சரக்கு வண்டிகள் கடக்கும்போது ஏறும் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத) நுண்துகள் அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, கரி வண்டி கடக்கும்போது ஏறியது. பதிவான 74 கரி வண்டிகளில் 4 வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி தூசியை வாரி இறைத்தன. பசை விதி நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகள் கழித்து எடுத்த அளவு இது.

அளவீட்டில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கி.மீ. நீள வண்டி 80 கி.மீ. வேகத்தில் ஓர் இடத்தைக் கடக்க ஒன்றரை நிமிடம் போதும். சட்டம் பார்ப்பது 24 மணி நேரச் சராசரியை, பி.எம். 2.5க்கு அமெரிக்க வரம்பு கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராம். ஒன்றரை நிமிட உச்சம் அந்தச் சராசரியில் கரைந்து காணாமல் போகும். போதாக்குறைக்கு, பறக்கும் கரித்தூளில் எடைமிக்க பகுதி பெரிய துகள்கள். வீட்டு மாடியில் மாட்டும் மலிவு விலை லேசர் கருவிகள் அவற்றைச் சரியாக எண்ணுவதில்லை. கருவியில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டிக் காற்று சுத்தம் என்று யாராவது சொன்னால், முதலில் எந்த அளவுத் துகளை, எத்தனை நிமிட இடைவெளியில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

கரையில் கிடப்பதை அடையாளம் காணக் கருவியே வேண்டாம். லைல் அருகே டக்ஸ் பீச்சில் தண்ணீருக்குப் போக வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கறுப்பாகக் கிடப்பவை மூன்று வகை. எரிமலைக் கல்லான பசால்ட் கையில் கனக்கும், நகத்தால் கீறினால் தடம் விழாது. 2017இல் ஈகிள் கிரீக் காட்டுத்தீ போன்றவற்றில் எரிந்த மரக்கரியில் மர வரி தெரியும், காய்ந்தது தண்ணீரில் மிதக்கும். நிலக்கரி கல்லைவிடப் பாதிக்கும் குறைவான கனம், ஆனாலும் மூழ்கும். நகம் பட்டால் உதிரும், காகிதத்தில் இழுத்தால் கறுப்புக்கோடு விழும், காய்ந்த துண்டில் கட்டம் கட்டமாக வெடிப்பு இருக்கும்.

சியரா கிளப், கொலம்பியா ரிவர்கீப்பர் முதலிய சூழல் அமைப்புகள் 2013இல் பி.என்.எஸ்.எஃப். மீது தூய நீர்ச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டன. பெட்டியிலிருந்து நேராகத் தண்ணீரில் விழும் கரி அந்தச் சட்டத்துக்குள் வரும், கரை நிலத்தில் விழுந்து பிறகு ஆற்றுக்குப் போவது வராது என்று நீதிமன்றம் பிரித்தது. மழை அந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை. 2016 நவம்பரில் விசாரணை நடக்கும்போதே சமரசம் ஆனது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 10 லட்சம் டாலர் சூழல் பணிகளுக்குத் தரவும், கரி குவிந்த சில கரையோர இடங்களைச் சுத்தம் செய்யவும், பெட்டி மூடிகள் பற்றி இரண்டாண்டு ஆய்வு நடத்தவும் இசைந்தது.

இடையில் வடமேற்குக் கடற்கரையில் திட்டமிட்ட ஆறு கரி ஏற்றுமதித் துறைமுகங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. போர்டுமன் 2014இல், லம்மி பழங்குடியினரின் மீன்பிடி உரிமையால் செர்ரி பாயின்ட் 2016இல், ஆண்டுக்கு 4.4 கோடி டன் கேட்ட லாங்வியூவுக்கு நீர்த்தரச் சான்று மறுப்பு 2017இல். பலர் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். கரி வண்டி இதே பாதையில் கனடாவின் ராபர்ட்ஸ் பேங்க் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. மின் உற்பத்திக்கான கரி ஏற்றுமதியை 2030க்குள் நிறுத்துவதாக அங்கே ஆளுங்கட்சி 2021இல் வாக்குறுதி தந்தது. வாக்குறுதியை நம்பிக் கரை காத்திருக்க முடியாது. 1855 ஒப்பந்தங்களின்படி இங்கே மீன் பிடிக்கும் யகாமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் நின்று மீன் பிடிக்கும் மரத்தட்டிகளில் பல, தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில்தான் இருக்கின்றன. சுற்றுலாக்காரர் மாலையில் கிளம்பிவிடுவார். சால்மனைத் தட்டியிலேயே வெட்டிச் சுத்தம் செய்கிறவர் எங்கே போவார்?

எங்கள் கோரிக்கை ஒன்றே: பெட்டிக்குக் கெட்டியான மூடி. நம்மூரில் மணல் லாரிக்கே தார்ப்பாய் கட்டச் சொல்கிறோம், இங்கே கட்டினால் என்ன என்று கேட்கலாம். 120 பெட்டிக்குக் கயிறு கட்டி அவிழ்ப்பது நடக்காத வேலை, மணிக்கு 130 கி.மீ. காற்றில் துணி கிழிந்து பின்வண்டிக்கு ஆபத்தும் ஆகும். அதனால் கண்ணாடி இழை மூடிதான் சரி. சிக்கல்கள் உண்டு, மறைக்கவில்லை. ஓடும் வண்டியில் மேலிருந்து கரி கொட்டும் நிலையத்தில் மூடி தானாகத் திறந்து மூட வேண்டும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டும் இடத்தில் மூடி இடிக்கக் கூடாது. இந்தக் கரி தானாகச் சூடேறும் இயல்புடையது, ஆகவே வாயு வெளியேற வழி விட வேண்டும். மூடி போட்டால் காற்றுத் தடை குறையும், காலியாகத் திரும்பும்போது டீசலும் மிச்சமாகும் என்பதையும் செலவுக் கணக்கில் எதிர்ப்பக்கம் எழுத வேண்டும். பெரும்பாலும் அதை மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள். மூடி வரும்வரை, பலத்த காற்று நாளில் வேகக் குறைப்பும், பாஸ்கோவில் தெளிப்பதோடு விளிம்பையும் கொக்கியையும் கழுவுவதும் உடனே செய்யக்கூடியவை.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். கரிப் பெட்டிகள் பெரும்பாலானவை ரயில்வேக்குச் சொந்தமில்லை. மின் நிறுவனங்களோ குத்தகைக்காரர்களோ வைத்திருப்பவை. பெட்டியின் பக்கத்தில் எழுதிய எழுத்துக்குறி 'எக்ஸ்' என்று முடிந்தால் அது தனியாருடையது. ஆக, ரயில்வேக்கு மட்டும் கடிதம் எழுதினால் பெட்டி எங்களுடையது அல்ல என்று பதில் வரும். பெட்டிக்காரரிடம் போனால் ஓட்டுகிறவரைக் கேளுங்கள் என்பார். இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அமைப்புகளுக்கே உண்டு. அங்கே வசிக்கும், அங்கே போகும் வாசகர்கள் கரித்தூசி பறக்கக் கண்டால், பொதுக் கடவையிலோ சாலையோரத்திலோ நின்றபடியே (தண்டவாளத்தில் இறங்க வேண்டாம், அது சட்டப்படி அத்துமீறல்) நேரம், வண்டி போன திசை, காற்றின் திசை, அருகில் உள்ள மைல் கம்பத்தின் எண், முடிந்தால் இரண்டு மூன்று பெட்டிகளின் எழுத்துக்குறியும் எண்ணும், ஒரு வீடியோ ஆகியவற்றைப் பதிந்து தரைப் போக்குவரத்து வாரியத்துக்கும் வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறைக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பெட்டி எண் இல்லாத புகாரில் பெட்டியின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
போர்ட்லாண்ட், ஓரிகன்.