சிலிண்டரும் டெலிபோனும்

தலவாக்கலை, இலங்கை
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கோத்தகிரியில் மழை எப்படி? இங்கே மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டுதான் மலையேறுகிறார்கள். அங்கே உங்களைச் சிலோன்காரர் என்பார்கள், இங்கே நான் இந்தியாக்காரப் பிள்ளை.

ரணில் விக்கிரமசிங்கதானே ஜனாதிபதியாக இருந்தார், போன மாத ஜனாதிபதித் தேர்தலில் எப்படி மூன்றாவது இடத்துக்குப் போனார் என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கப்பலேறிய காலத்து யானைக் கட்சி, அதுதான் ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சி, இப்போது ஒன்றாக இல்லை. 2019-ல் அந்தப் பக்கத்து வேட்பாளராக நின்ற சஜித் பிரேமதாச, கோட்டாபய ராஜபக்சவிடம் தோற்றார். அப்புறம் தலைமை யாருக்கு என்று சண்டை. ரணில் விட்டுக்கொடுக்கவில்லை. சஜித் 2020-ல் ஐக்கிய மக்கள் சக்தி என்று தனியாகப் போனார், ஆட்களும் பெரும்பாலும் அவரோடு போய்விட்டார்கள். அந்த வருடத் தேர்தலில் அவர்களுக்கு 54 இடம், தாய்க் கட்சிக்கு ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடம். அந்த ஓர் இடத்தில் உள்ளே வந்த ரணில்தான், 2022-ல் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடியதும் ஜனாதிபதியானார்.

இந்தத் தடவை ரணில் சுயேச்சையாக கேஸ் சிலிண்டர் சின்னத்தில் நின்றார், சஜித் டெலிபோன் சின்னத்தில். தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் பிரிந்தன: இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சிலிண்டருக்கு, மலையகக் கட்சிகள் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி டெலிபோனுக்கு. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு கதவில் சிலிண்டர், அடுத்த கதவில் டெலிபோன். கோத்தகிரியில் ஒரு இடம் பிடிக்காவிட்டால் வேறு தோட்டத்துக்கோ பேக்டரிக்கோ போய்விடலாம். இங்கே வேலை, வீடு, சங்கம் எல்லாம் ஒரே தோட்டத்துக்குள். சங்கம் பிரிந்தால் குடும்பமும் பிரிந்துதான் நிற்கிறது. மே தினத்தில் ரணில் அறிவித்த 1,700 ரூபாய் நாள் சம்பளம் ஓட்டுக்கு முன் கைக்கு வரவில்லை, அந்தக் கோபமும் இருந்தது. எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலில் வந்தார், ரணில் அடுத்து, இப்போது ஜெயித்த அநுர குமார திசாநாயக்க மூன்றாவது.

நாடு முழுக்க அநுரவுக்கு 42.31 சதவீதம், சஜித்துக்கு 32.76, ரணிலுக்கு 17.27. பின்னவர்கள் இரண்டு பேரையும் கூட்டிப் பாருங்கள், 50.03. பிரிவினைதான் கவிழ்த்தது என்று இங்கே நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. ரணிலுக்குப் போட்டவர்கள் எல்லோரும் சஜித்துக்குப் போட்டிருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? 2019-ல் 3.16 சதவீதம் வாங்கிய அநுரவை இவ்வளவு தூரம் தூக்கியது, 2022-ல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற சனத்தின் ஆத்திரம்.

1989-ல் அ.தி.மு.க. உடைந்து இரட்டை இலை முடங்கி, சேவலும் இரட்டைப் புறாவும் மோதிக்கொண்டதில் தி.மு.க. வந்ததைச் சொல்வீர்களே. அங்கே ஒரு ஓட்டு ஒருவருக்குத்தான். இங்கே சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள் அப்பா. சீட்டில் 1, 2, 3 என்று எண் போடலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டில் இருக்கும் அடுத்த எண்ணைப் பார்ப்பார்கள். இந்த நாட்டில் முதல் தடவையாக இப்போதுதான் அப்படி எண்ணினார்கள். மற்றவர்களுக்கு விழுந்த 33 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் இந்த இருவருக்கும் வந்து சேர்ந்தது 2 லட்சத்து 73 ஆயிரம்தான். அதிலும் சஜித்துக்குத்தான் அதிகம். ஆனால் அநுரவுக்கும் அவருக்கும் முன்னால் இருந்த வித்தியாசமோ 12 லட்சத்துக்கு மேல்.

அத்தை இடது சுண்டுவிரல் மையோடு வந்து, "சிலிண்டருக்குப் புள்ளடி போட்டேன்" என்றார், அதாவது ஒரே ஒரு பெருக்கல் குறி. இரண்டாவது யாருக்கு என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. வீடு வீடாக வந்தவர்கள் யாருமே அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு இதுதான் தாங்கவில்லை. தலைவர்கள் பிரிந்தது அவர்கள் பாடு. குடியுரிமை இல்லாமல், ஓட்டுக் கிடைக்கவே அரை ஆயுள் காத்திருந்த மனுஷிக்கு அதன் முழு பலமும் தெரிய வேண்டாமா?

நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தல். சஜித், ரணில் இரண்டு பக்கமும் தனித்தனியாகத்தான் நிற்பார்கள் என்று பேச்சு. எனக்கு இன்னும் குடியுரிமை வரவில்லை, ஓட்டில்லை. ஆனால் அன்றைக்குச் சீட்டில் கட்சிக்குக் கீழே, அந்தக் கட்சியில் பிடித்த வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கும் போடலாம், அதை ராத்திரியில் அத்தைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் தாளில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா வந்தால் வர்க்கி கொடுத்தனுப்புங்கள், பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறான். அம்மாவை முழங்கால் வலியோடு பேக்டரிக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்